இக்கரை இருவாச்சியும் அக்கரை முள்ளம்பன்றியும்

இந்தக் கதை நடந்தது இரண்டு காடுகளில், குழந்தைகளே! நடுவில் ஓர் ஆறு. இக்கரைக் காட்டுக்கு அக்கரைக் காடு என்றாலே இளக்காரம். அக்கரைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. புல்லெல்லாம் கருகிப்போயிற்று. அப்போது பார்த்து, யாருக்கும் பெயர் தெரியாத ஒரு மரம் இரண்டு கரையிலும் சிவப்புச் சிவப்பாகப் பழுத்துக் குலுங்கியது!

இக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பழம் எதுவானாலும் இருவாச்சிப் பறவைதான் முதலில் தின்ன வேண்டும். மறுநாள் காலையில் அது உயரக் கிளையில் உட்கார்ந்து குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் வாய் வைக்கலாம்.

மறுநாள் காலை இருவாச்சி உற்சாகமாகக் கத்தியது. "தித்திப்போ தித்திப்பு! எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்க, வாங்க!"

அவ்வளவுதான்! பன்றியும் மானும் முயலும் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தன.

"நில்லுங்க! நில்லுங்க!" என்று ஆற்றிலிருந்து நீர்நாய் அலறியது. "அக்கரையில் புதுப் பழத்தைத் தின்று பார்ப்பது முள்ளம்பன்றி அக்காதானே? இதே பழத்தைத் தின்றுவிட்டு வயிற்று வலியால் உருண்டு துடிக்கிறாள்! எல்லோரும் பயந்துபோய்ப் பட்டினி கிடக்கிறார்கள்!"

இருவாச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானே தின்று பார்த்துச் சொல்கிறேன். அக்கரைக்காரி பேச்சை இங்கே யார் கேட்டது?"

பெண்மான் ஒன்று முன்னால் வந்தது. பாவம், விலா எலும்பை எண்ணிவிடலாம். "அண்ணே, பட்டினியில் எனக்குப் பால் வற்றிவிட்டது. என் குட்டி எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடக்கிறான். இதைத் தின்னட்டுமா, வேண்டாமா? நிச்சயமாகச் சொல்லுங்கள்."

இருவாச்சி யோசித்தது. தப்பாகச் சொல்லிவிட்டால் இரண்டு உயிர் போய்விடுமே!

"யாரும் தொடாதீர்கள். இதோ வந்துவிட்டேன்!" என்று ஆற்றைத் தாண்டிப் பறந்தது.

"அக்கா, அந்தப் பழத்தை எப்படித் தின்றாய்?"

"எப்படியா? கொட்டையோடு கறுக்கு மொறுக்கென்று கடித்துத்தான்!" என்று முனகியது முள்ளம்பன்றி. "நீ?"

"எனக்குப் பல் ஏது? முழுசாக விழுங்குவேன். அப்புறம் கொட்டையை மட்டும் கக்கிவிடுவேன்."

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன.

"ஐயோ, கொட்டைதான்!" என்று ஒரே நேரத்தில் கத்தின.

"ஆமாம் ஆமாம்!" என்றது முள்ளம்பன்றி. "நான் தின்றபோது எங்கள் முயலும் பசி தாங்காமல் கூட வந்து உட்கார்ந்தது. கொட்டையை விட்டுவிட்டுச் சதையை மட்டும் தின்றது. அதோ பார், துள்ளிக்கொண்டு திரிகிறது!"

இருவாச்சி வந்த வேகத்தில் திரும்பிப் பறந்தது. அங்கே, பசி பொறுக்காத பன்றி ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டிருந்தது!

"துப்புடா! கொட்டையைக் கடிக்காதே, துப்பு!"

"தூ!" கொட்டை எகிறி ஆற்றில் விழுந்தது.

பிறகென்ன! கொட்டையைத் துப்பிவிட்டு, அக்கரையும் இக்கரையும் சதையை மட்டும் வயிறாரத் தின்றன. முள்ளம்பன்றிக்கும் வலி விட்டது.

மூன்றாம் நாள் குட்டிமான் எழுந்து நின்று, தாயின் மடியை முட்டி முட்டிப் பால் குடித்தது.

நீதி: உணவில் ஆபத்து உண்டா இல்லையா என்பதை, அண்டையில் இருப்பவர் கண்டறிந்ததையும் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.