சங்கத்தை விட்டுப் போனவர்

ராமல்லாவில் கைதிகளுக்காக வாதாடும் சங்கம் ஒன்று. இருந்தது என்பதா, இருக்கிறது என்பதா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆக்கிரமிப்பு அரசு அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டது. ராணுவம் வந்து அலமாரிகளை வழித்து எடுத்துக்கொண்டு, வாசல் கதவுக்குக் குறுக்கே இரும்புத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்துவிட்டுப் போனது. அது போதாதென்று கடலுக்கு அப்பால் இருக்கும் பெரிய அரசு ஒன்று தடை போட்டது. வங்கி சங்கத்தின் கணக்கை முடக்கியது. வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

மிஞ்சியது இரண்டே பேர். ஒருத்தி வழக்கறிஞர் சுஹைலா. கற்றுக்கொடுக்கிறவள் என்பதால் எல்லோருக்கும் அவள் உஸ்தாதா. அவளுடைய சமையலறைதான் இப்போது அலுவலகம்.

இன்னொருவர் மிஸ்பாஹ். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மகன் குதைபாவை முதல் தடவை பிடித்துக்கொண்டு போனபோது, எந்தச் சட்டத்தில் இதைச் செய்கிறார்கள் என்று பார்த்துவிடுகிற ஆத்திரத்தில் அந்த வயதில் சட்டம் படிக்கப் போனார். படித்து முடித்துவிட்டுத் தன் மகள் வயசுக்காரியிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்து நின்றார். அதற்குக் கூச்சப்படுகிற ஆள் இல்லை. குதைபா இப்போது உள்ளே இருப்பது மூன்றாவது தடவை.

அவன் என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது. குற்றச்சாட்டு கிடையாது. சாட்சி கிடையாது. நீதிபதியின் மேசையில் ரகசியக் கோப்பு என்று ஒன்று இருக்கும். வக்கீலால் அதைத் தொடக்கூட முடியாது. ஆறு மாதம் உள்ளே. அது முடிந்ததும் இன்னொரு ஆறு மாதம். அவ்வளவுதான் வழக்கு.

ஒருநாள் காலையில் மிஸ்பாஹ் சமையலறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"உஸ்தாதா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க, அபூ குதைபா."

அபூ குதைபா என்றால் குதைபாவின் அப்பா, உம்மு குதைபா என்றால் அம்மா. மூத்த மகன் பெயரைச் சொல்லித் தகப்பனைக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். அன்றைக்கு அந்தப் பெயர் அவருக்குச் சுருக்கென்றது.

"காப்டன் போன் பண்ணினான்."

எந்தக் காப்டன் என்று சுஹைலா கேட்கவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காப்டன் உண்டு. உளவுத்துறை ஆள். தேனாக அரபி பேசுவான்.

"என்ன சொன்னான்?"

"உங்க மகனோட ஆறு மாசம் முடியப்போகுது, மாஸ்டர். நீங்க அந்தச் சங்கத்தை விட்டுட்டா அவன் வீட்டுக்கு வந்துடுவான். விடலைன்னா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல. இதுதான் சொன்னான்."

சுஹைலா மேசையிலிருந்த வெந்தயக் கேக் துண்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தொடவில்லை.

"நான் என்ன செய்யணும், உஸ்தாதா?"

அவள் என்னென்ன சொல்வாள் என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். பொறுமை என்பாள். உள்ளே கிடக்கும் மற்ற பிள்ளைகளைச் சொல்வாள். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. எனக்கு ஒரே மகன், அவன் அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு, உங்களுக்குப் பிள்ளை இருந்தால் தெரியும் என்பதுவரைக்கும் தயாராக இருந்தது.

"போங்க" என்றாள் சுஹைலா.

"என்ன?"

"சங்கத்தை விட்டுப் போங்க. கறுப்பு அங்கியை மட்டும் வெச்சிட்டுப் போங்க. வேற யாருக்காவது ஆகும்."

மிஸ்பாஹ் மேசையிலிருந்த வழக்குக் காகிதங்களைப் பார்த்தார்.

"நாளைக்கு அந்தப் பையன் நாயிஃபோட நீட்டிப்பு வழக்கு இருக்கே. நான்தானே நிக்கணும்?"

"நான் பார்த்துக்கறேன்."

"அதே நேரத்துல பக்கத்து அறையில உங்களுக்கு வேற வழக்கு இருக்கு."

"பார்த்துக்கறேன்னு சொன்னேனே."

"அவன் சொன்ன பேச்சைக் காப்பாத்துவானா?"

சுஹைலா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"அரைகுறையா விலகாதீங்க. ரொட்டிக் கடையில சொல்லுங்க, பள்ளிவாசல்ல சொல்லுங்க. இனிமே அந்தச் சங்கத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு ஊரறியச் சொல்லுங்க. அவன் காதுக்குப் போகணும்."

படி இறங்கும்போது மிஸ்பாஹுக்கு நெஞ்சு லேசானது. மகன் வரப்போகிறான். இரண்டு தெரு தள்ளிப் போனதும் வேறு ஒன்று உள்ளே குடையத் தொடங்கியது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றவரை ஒரு வார்த்தை சொல்லித் தடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லையே! அவ்வளவுதானா தன் மதிப்பு? சே, என்ன மனுஷி இவள் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

ஆனாலும் அவள் சொன்னபடி ரொட்டிக் கடையில் சொன்னார். பள்ளிவாசலில் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டாமலே போயிருக்கலாம்.

குதைபா வரவேண்டிய நாள் வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விடுதலை நாளில்தான் பெரும்பாலும் கழுத்தறுப்பார்கள். சொந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, பையன் சிறை வாசல் வரைக்கும் வந்துவிடுவான். அங்கே ஒருவன் நின்று புது உத்தரவைக் காட்டுவான். இன்னும் ஆறு மாதம். அதனால் சங்கத்தில் இருப்பவர்கள் தாய்மார்களிடம் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்வார்கள். பையன் சோதனைச் சாவடியைத் தாண்டி வந்து, அவன் வாயாலேயே போனில் பேசுகிறவரைக்கும் அடுப்பில் அரிசி வைக்காதீர்கள். ஆறிப்போன விருந்துச் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப்போல ஒரு கொடுமை கிடையாது. மிஸ்பாஹ் எத்தனை வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்லியிருக்கிறார்! வைத்துவிட்ட பானையை இறக்கச் சொல்லி ஒரு வீட்டில் சண்டையே போட்டிருக்கிறார்.

அன்று காலையில் அவர் மனைவி ரஸ்மிய்யா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மக்லூபா சோறு வைக்கட்டுமா? இல்ல, பொறுக்கணுமா?"

"வை" என்றார் மிஸ்பாஹ். "கறியை நிறையப் போடு. இந்தத் தடவை வந்துடுவான்."

அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. அவள் பாடி அவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மிஸ்பாஹ் மகனுடைய செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு சாவடிக்குப் போனார். வெயில் ஏறியது. ஒரு வேன் வந்தது. சிலர் இறங்கினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். வேன் காலியானது. மிஸ்பாஹ் போய் உள்ளே குனிந்து பார்த்தார். மகன் இல்லை.

இறங்கியவர்களில் ஒருவன் அவரிடம் வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான்.

"நீங்க குதைபாவோட அப்பாவா?"

"ஆமா தம்பி. அவன் எங்கே?"

"எங்ககூடத்தான் வாசல்வரைக்கும் வந்தான், மாமா. அங்க ஒரு காகிதத்தைக் காட்டினாங்க. அவன் சிரிச்சான். அப்பாகிட்ட சொல்லுன்னான். என்ன சொல்லணும்னு சொல்றதுக்குள்ள இழுத்துட்டுப் போயிட்டாங்க."

மிஸ்பாஹ் அங்கேயே நின்று காப்டனின் எண்ணைக் கூப்பிட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். அந்தத் தடவை மணிகூட அடிக்கவில்லை.

அவர் வீட்டுக்கு வந்தபோது கூடம் நிறைய அக்கம்பக்கத்தார். பெரிய தாம்பாளத்தில் சோறு கவிழ்த்து வைத்திருந்தது. அவர் தனியாக வந்ததைப் பார்த்து ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடினார்கள். ரஸ்மிய்யா அழவில்லை. சோற்றைப் பாத்திரம் பாத்திரமாக எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பினாள். கடைசி ஆளும் போன பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

"ஊர்ல இருக்கிற எல்லா அம்மாவுக்கும் சொன்னீங்க. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

மிஸ்பாஹ் சுவரைப் பார்த்தார். அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அவர் சுஹைலாவின் வீட்டுப் படியேறினார். சமையலறையில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாயிஃபின் அம்மா. மிஸ்பாஹ் யாருக்காக நின்றிருக்க வேண்டுமோ, அந்தப் பையனைப் பெற்றவள். அவர் திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"வாங்க, அபூ குதைபா. பையன் வந்துட்டானா?"

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

"யா அல்லாஹ்! நேத்து வர்றான்னு சொன்னாங்களே!"

"நாயிஃப்?" என்று கேட்டார்.

"அவனுக்கும் நீட்டிட்டாங்க. உஸ்தாதா பக்கத்து அறையில மாட்டிக்கிட்டாங்க. ஓடி வர்றதுக்குள்ள இவன் பேரைக் கூப்பிட்டு முடிச்சிட்டாங்க. தனியாத்தான் நின்னிருக்கான், பாவம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வீட்ல உம்மு குதைபா எப்படி இருக்காங்க? நான் போய்ப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனாள்.

அவள் படியிறங்கும் சத்தம் அடங்குகிறவரைக்கும் மிஸ்பாஹ் பொறுத்துக்கொண்டார். பிறகு வெடித்தார்.

"விடமாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்!"

"தெரியும்" என்றாள் சுஹைலா.

"முன்னாடியே தெரியும்!"

"அந்த மாதிரிப் பேசி அவங்க யாரையும் விட்டு நான் பார்த்ததில்ல."

"அப்போ ஏன் என்னைப் போகச் சொன்னீங்க? ஒரு வார்த்தை. இரு, போகாதேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன்."

"இருந்திருப்பீங்க."

"அந்தப் பையனாவது தனியா நிக்காம இருந்திருப்பான். அவனை அப்படி நிக்க வெச்சிட்டீங்களே!"

"ஆமா. வெச்சேன்."

"அந்த அம்மாவுக்கு இது தெரியுமா? நான் ஏன் வரலைன்னு?"

"எல்லாத்தையும் சொன்னேன். நீங்க ஏன் போனீங்க, நான் ஏன் விட்டேன், எல்லாமே. நீங்க உள்ள வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் சொல்லி முடிச்சேன்."

மிஸ்பாஹ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாம் தெரிந்துகொண்டா அவள் பையன் வந்துவிட்டானா என்று கேட்டாள்? அவர் தோள் குலுங்கியது. வயசான மனுஷன் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சுஹைலா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அழுது ஓய்கிறவரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் விட்டீங்க?" என்று மறுபடியும் கேட்டார். இப்போது குரலில் கோபம் இல்லை.

"நான் தடுத்து, நீங்க இங்கேயே இருந்து, நேத்து குதைபா வராமப் போயிருந்தா அவனை உள்ள வெச்சது யாருன்னு நினைச்சிருப்பீங்க?"

மிஸ்பாஹ் வாயைத் திறந்தார்.

"அவசரப்படாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"என்னைத்தான் நினைச்சிருப்பீங்க, அபூ குதைபா" என்றாள் சுஹைலா. "தினமும் என் பக்கத்துல உக்காந்துக்கிட்டே."