மிச்சத்துல என்ன போட?

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். இவர் அவரை டீச்சர் என்பார், அவர் இவரை சார் என்பார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். ஊசி இசைத்தட்டில் இறங்கியதும் குழப்பம் தீர்ந்துவிடும். ஜெனோவா டீச்சர் கண்ணைத் திறந்துகொண்டு சும்மா கேட்பார். தர்மகண் சார் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார்.

ஜெனோவா மிராந்தா தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் மேல்நாட்டு இசை கற்பித்தவர். வேலையை விட்டபிறகு சனிக்கிழமைதோறும் வீட்டு மாடியில் இசைத்தட்டு போடுவார். யார் வேண்டுமானாலும் வந்து பாயில் உட்கார்ந்து கேட்கலாம். ஊசி எழும்பும்வரை பேசக்கூடாது என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு. அதைத் தாங்கமுடியாமல் நின்றுபோனவர்கள் நிறைய.

தர்மகண் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாலிப வயதிலிருந்தே சிற்றிதழ்களில் ராக் இசையைப் பற்றி எழுதிவந்தார். தமிழில் அதை எழுத வேறு ஆள் இல்லாததால் அவர் சொன்னதே தீர்ப்பாக இருந்தது. முதல் தடவை டீச்சரின் மாடிக்கு வந்தபோது, தட்டு முடிந்ததும் அரைமணி நேரம் விளக்கம் சொன்னார். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டாவது பாட்டில் பேஸ் கிட்டார் எந்த இடத்தில் நின்றது என்று மட்டும் விசாரித்தார். அது நின்றதே தர்மகண்ணுக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக வந்து பாயில் உட்கார்ந்தார். அப்படித்தான் சீடரானார்.

ஓவன் ஹாஸ்லர் என்ற பெயர் அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடித் துண்டுகள் தைத்த அங்கியும், பின்னால் ஒரு வயலின் பட்டாளமுமாக மேடையேறிய ஆள். சில பாட்டுகளைத் தட்டின் ஒரு பக்கம் முழுக்க நீட்டுவார். ஆங்கிலத் தலைப்புகள் வாயில் நுழையாததால், ஊர் ரசிகர்கள் அட்டைப்படத்தைப் பார்த்து அவருடைய ஆல்பங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். உலகப்புகழ் பெற்றது 'கோட்டை'. அதற்கு அடுத்து வந்தது 'அடுப்பங்கரை'.

அடுப்பங்கரை வெளிவந்தபோது எல்லா நாட்டிலும் முகம் சுளித்தார்கள். அங்கி இல்லை, வயலின் இல்லை. மனிதர் தன் வீட்டுச் சமையலறையில் ஒரு கிட்டாரோடு உட்கார்ந்து முனகியிருந்தார். நாற்காலி கிறீச்சிடுவதும் தண்ணீர்க்குழாய் சொட்டுவதும் அப்படியே பதிவாகியிருந்தன. தர்மகண் அதை 'உப்பில்லாக் கஞ்சி' என்று எழுதினார். உப்பளத்து ஊரில் இதைவிட மோசமாகத் திட்டமுடியாது. அந்த வார்த்தை ஆல்பத்தைவிட அதிகமாக ஓடியது. அடுப்பங்கரையைக் கண்ணால் பார்க்காதவர்களும் உப்பில்லாக் கஞ்சி என்றார்கள்.

இப்போது காற்று மாறிவிட்டது. வெளிநாட்டில் இளவட்டங்கள் அடுப்பங்கரைதான் ஹாஸ்லரின் ஆகச் சிறந்த ஆல்பம் என்று எழுதித் தள்ளினார்கள். தர்மகண் எல்லாவற்றையும் படித்தார். படித்து முடித்தபின் செல்போனில் ஆல்பத்தைக் கேட்டார். இரண்டாவது பாட்டிலேயே அழுதுவிட்டார். அன்றே எழுத உட்கார்ந்தவர், ஒரு வாரம் கழித்துத்தான் எழுந்தார். 'மறுமதிப்பீடு' என்பது தலைப்பு. வாழ்நாளில் அவர் போடப்போகும் ஒரே புத்தகத்துக்கும் அதுதான் பெயர். பதிப்பாளர் அச்சுக்கு அனுப்பத் தயாராக இருந்தார். டீச்சரின் முன்னுரை மட்டும்தான் வரவேண்டும்.

இந்தச் சந்தோஷத்தில் ஒரு முள் கிடந்தது. தர்மகண் அழுதது பொய்யில்லை. ஆனால் அவர் படித்த கட்டுரைகளில் எல்லோருமே இரண்டாவது பாட்டில்தான் அழுதிருந்தார்கள். தன் கண்ணீர் தன்னுடையதுதானா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புத்தகம் அச்சாகுமுன் இது தெரிந்தாகவேண்டும். வேறு யாரிடமும் கேட்கமுடியாது, வெட்கக்கேடு. ஒரு வேலைநாள் மத்தியானம் மாடி ஏறினார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"அன்னைக்கு அந்த ஆல்பம் எனக்குக் கஞ்சி. இன்னைக்கு அமிர்தம். ஆல்பம் மாறிச்சா, நான் மாறினேனா?"

டீச்சர் கட்டுரையை ஏற்கெனவே படித்திருந்தார். பக்கங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். நன்றாக வந்திருக்கிறது, நடை அருமை என்றார். தர்மகண்ணுக்கு உச்சி குளிர்ந்தது.

"அடுப்பங்கரை எப்படி முடியும் சார்?"

"ஒரு சரணாகதியில முடியும். தோத்துப்போனவன் தன் தோல்வியை மடியில போட்டுத் தாலாட்டுத மாதிரி."

"அது கட்டுரையில இருக்கு. நான் கேக்குறது, கடைசியில என்ன சத்தம் வரும்?"

தர்மகண் யோசித்தார். செல்போனில் ஹாஸ்லர் வாயை மூடிய மறுநொடியே வேறு எவரோ பாட ஆரம்பித்துவிடுவார், பாட்டு முழுக்க அடங்குமுன்பே செயலி தானாக அடுத்ததற்குத் தாவிவிடும். அதற்கு முன்னால் கேட்டது பழைய கேசட்டில்.

"கேசட்ல கோட்டை வந்துரும்" என்றார்.

"அந்தக் கேசட் இருக்கா?"

இருந்தது. தர்மகண் எதையும் தூரப் போடுகிறவர் இல்லை. மறுநாள் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். வரும்போதே அதன் கதையையும் சொன்னார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தட்டை விலைக்கு வாங்குவதெல்லாம் நடக்காத காரியம். கப்பலில் வரும் தட்டுகளை சைமன் என்பவர் தன் ரெக்கார்டிங் சென்டரில் வைத்திருப்பார். நாம் வெறும் கேசட்டைக் கொடுத்தால் பதிந்து தருவார். தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு ஆல்பம் அடங்கும். அடங்கியபிறகும் வால்போல் கொஞ்சம் டேப் மிஞ்சும். அதை வெறுமனே விட்டால், காசு கொடுத்து வாங்கிய டேப் சும்மா ஓடுகிறது என்று ஆட்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் சைமன் எல்லோரிடமும் கேட்பார்: மிச்சத்துல என்ன போட?

"அவரு கேட்டு முடிக்கதுக்குள்ள நான் கோட்டைன்னு சொல்லிட்டேன்" என்று தர்மகண் சிரித்தார். கோட்டையின் தலைப்புப்பாட்டு அந்த மிச்சத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்ததாம். தன்னிடம் அப்போது இருந்த கோட்டை அது ஒன்றுதான் என்றார்.

டீச்சர் கேசட்டைத் துடைத்து டேப் டெக்கில் போட்டார். இருவரும் உட்கார்ந்தார்கள்.

அடுப்பங்கரை ஓடியது. தர்மகண்ணுக்கு ஆச்சரியம். ஒலி பளிச்சென்று, நேற்றுப் பதிந்ததுபோல் இருந்தது. கிட்டார்க் கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது. பாட்டுக்குப் பாட்டு அப்படியே. கடைசிப் பாட்டின் கடைசி வார்த்தை வந்தது. ஹாஸ்லர் மூச்சு விடுமுன் தடாலென்று கோட்டையின் முரசு விழுந்தது.

விழுந்த முரசு முரசாக இல்லை. ஈரச் சாக்குக்குள்ளிருந்து தட்டுவதுபோல் இருந்தது. வயலின்கள் மங்கி, குரல் வருவதும் போவதுமாக, நடுவில் ஓர் இடத்தில் டேப்பே நெளிந்து அழுதது.

தர்மகண்ணுக்கு சைமன்மேல் கோபம் வந்தது. "இதை மட்டும் ஏனோதானோன்னு பதிஞ்சிருக்கான், பாருங்க" என்றார்.

"ஒரே ஆளு, ஒரே நாளு, ஒரே டேப்" என்றார் டீச்சர்.

 அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. கேசட் கேட்டு வளர்ந்த எவருக்கும் தெரிந்த விஷயம்தான். ஓட ஓட டேப் தேயும். ஓடாத இடம் புதிதாகவே இருக்கும்.

தர்மகண்ணுக்குத் தன் விரல் ஞாபகம் வந்தது. வேலைவிட்டு வந்ததும் கேசட்டைப் போட்டு, ஃபார்வர்டு பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் விரல். டேப் விர்ரென்று ஓடும். கோட்டை எங்கே ஆரம்பிக்கும் என்பது அந்த விரலுக்கே மனப்பாடம். வழியில் ஓடிப்போன ஆல்பம் அவருக்கு ஒரு தடைச்சுவர். அந்தச் சுவரைப் பற்றித்தான் அவர் தீர்ப்பு எழுதினார். மறுமதிப்பீடு செய்ய முதலில் ஒரு மதிப்பீடு இருந்திருக்கவேண்டும். கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார்.

"அப்போ உப்பில்லாக் கஞ்சின்னு நான் சொன்னது?"

"குடிச்சவங்க சொல்லணும் சார் அதை."

"சரி, இப்போ அழுதது?"

டீச்சர் எழுந்தார். அலமாரியிலிருந்து அடுப்பங்கரையின் தட்டை எடுத்தார். அட்டையில் ஒரு மேசை, ஒரு கெட்டில், மடக்கிவைத்த மூக்குக்கண்ணாடி. புதுக் கேசட் ஒன்றைப் பிரித்து டெக்கில் போட்டுப் பதிவுப் பட்டனை அமுக்கினார். பிறகு ஊசியை இறக்கினார்.

முதல் பாட்டு போயிற்று. இரண்டாவது வந்தது. தர்மகண் காத்திருந்தார். அழுகை வரவில்லை. வரவேண்டிய வரி வந்து, தாண்டிப் போயிற்று. கன்னத்தைத் தொட்டுப்பார்த்தார், காய்ந்திருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. புத்தகமே அந்தக் கண்ணீரின்மேல்தான் நின்றது.

மூடியிருந்த கண்ணைத் திறந்தார். பிறகு மூடத் தோன்றவில்லை.

மூன்றாவது பாட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இதைப் பற்றி எல்லாக் கட்டுரைகளிலும் இருந்தது, அவருடையதிலும் ஒரு பத்தி உண்டு. காலத்தின் குறியீடு என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கம் முடிந்ததும் டீச்சர் டேப்பை நிறுத்தித் தட்டைத் திருப்பிப்போட்டு, மறுபடி ஓடவிட்டார். மறுபக்கத்தின் முதல் பாட்டிலும் குழாய் சொட்டியது. பாட்டின் நடுவில் யாரோ எழுந்து நடந்துபோய் அதை இறுக்கி மூடினார்கள். ஹாஸ்லர் பாட்டை நிறுத்தவில்லை. அந்த வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருக்கிறார். பாட்டு முழுக்கக் கூடவே இருந்திருக்கிறார். இதை எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஹாஸ்லரின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது, பக்கத்தில் இருப்பவரிடம் பாடுவதுபோல.

தர்மகண் மேசைமேல் இருந்த தன் கட்டுரையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. முரசுக்குப் பழகிய அவர் உடம்பு தானாக ஒருதரம் விறைத்தது. முரசு விழவில்லை. கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைக்கும் சத்தம். நாற்காலி நகர்ந்தது. இரண்டு பேர் நடந்தார்கள். ஒரு ஸ்விட்ச் டக்கென்றது. அதன்பிறகு ஆள் இல்லாத சமையலறை மட்டும் கொஞ்சநேரம் ஓடியது. அங்கே தாலாட்டும் இல்லை, தோல்வியும் இல்லை. வேலை முடிந்து விளக்கை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஊசி எழும்பியது. இனி பேசலாம். தர்மகண்ணுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாதது அவருக்குப் புதிது.

டீச்சர் டெக்கின் அருகில் நின்றுகொண்டிருந்தார். பதிவு விளக்கு இன்னும் சிவப்பாக எரிந்தது. டேப் சுற்றிக்கொண்டிருந்தது.

"புத்தகத்தை என்ன செய்ய டீச்சர்? பதிப்பாளர் தினமும் போன் பண்ணுதாரு."

டீச்சர் குனிந்து, கேசட்டின் கண்ணாடி வழியாக எவ்வளவு டேப் பாக்கி இருக்கிறது என்று பார்த்தார்.

"மிச்சத்துல என்ன போட சார்?"

தர்மகண்ணின் வாய் பழக்கத்தில் திறந்தது. கோட்டை என்ற பெயர் நாக்கு நுனிவரை வந்தது. பிறகு அவர் வாயை மூடிக்கொண்டார். இருவரும் அப்படியே இருந்தார்கள். டேப் கடைசிவரை ஓடி, தானாக நின்றது.