முன்னால் வந்த பொட்டலம்

ஒரு கடற்கரை ஊரில், செய்திகளுக்கு வழி சொல்லும் பெட்டி ஒன்று இருந்தது. அதன் வாசலில் கைநினைவு உட்கார்ந்திருந்தது. அடிக்கடி கேட்கப்படும் முகவரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்டதும் வழி சொல்வது அதன் வேலை. எல்லா முகவரிகளும் உள்ளே, தொலைவில், கிடங்கிடம்தான் இருந்தன.

கைநினைவிடம் இடம் குறைவு. புதிதாக ஒன்று வந்தால், நெடுநாளாக யாரும் கேட்காத ஒன்று எழுந்து போக வேண்டும்.

அன்று காலை ஊரார் போன்களுக்குப் போகும் சினிமாப் பாட்டுகள் கூட்டம் கூட்டமாக வந்தன. அவை கேட்ட முகவரிகளுக்கு இடம் வேண்டியிருந்தது. மணல்மேட்டு வீட்டின் முகவரி ஓரத்தில் ஒடுங்கி இருந்தது.

“எழுந்திரு. உன்னை யார் தேடப் போறா?” என்றது கைநினைவு.

“இன்னிக்கு யாராவது கேட்டா?”

“கேட்டா பாத்துக்கலாம், போ.”

அது போனதும் ஒரு செய்திப் பொட்டலம் மூச்சிரைக்க வந்து நின்றது.

“தாயே, மணல்மேட்டு வீட்டுக்கு எப்படிப் போகணும்?”

பொட்டலத்துக்குள் இருந்தது ஒரே வரி: ‘தம்பி, புயல் வருது, கடலுக்குப் போகாதே.’ மணல்மேட்டு வீட்டில் இருக்கும் தன் தம்பி சூசைக்கு ஜெபமாலை அனுப்பியது. ஒரு கல்யாண வீட்டுச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை.

கைநினைவு உள்பக்கம் திரும்பியது. “இரு, உள்ளே கேக்கறேன்.”

கிடங்குக்கு ஓடத் தெரியாது. அதனிடம் முகவரிகள் மரக்கிளைகள்போல் பிரிந்து பிரிந்து கிடந்தன; ஒரு கிளையைப் பிடித்து, அதிலிருந்து அடுத்த கிளைக்குப் போய், நிதானமாகத் தேடியது.

“சீக்கிரம் தாயே! அவர் தோணியைத் தள்ளிக்கிட்டு இருப்பார்” என்றது பொட்டலம்.

“வழி தெரியாததுக்கு வாசல்ல என்ன வேலை? நகரு!” என்று பாட்டுகள் பின்னால் நெருக்கின.

நிற்க இடமில்லாமல் போயிற்று. ஓரத்தில் நின்ற பொட்டலம் விழுந்தது. விழுந்ததும் இல்லாமல் போனது.

அதற்குப் பிறகுதான் கிடங்கிலிருந்து மணல்மேட்டு வீட்டின் முகவரி திரும்பி வந்தது. “என்னைக் கேட்டது எங்கே?”

கைநினைவு அதற்கு உட்கார இடம் காட்டியது.

“அந்த இடம் எனக்கு வேணும்” என்றது ஒரு புதுப் பாட்டின் முகவரி.

“இது எழுந்திருக்காது. இதை இப்பத்தான் கேட்டாங்க” என்றது கைநினைவு.

பொட்டலம் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வராததால், ஜெபமாலையின் போன் அதே வரியை இன்னொரு பொட்டலத்தில் கட்டி அனுப்பியது.

“மணல்மேட்டு வீடு?”

“இடப்பக்கம். ஓடு!”

“அட, கேட்டு வாய் மூடல, சொல்லிட்டீங்களே! இங்கே யாரும் காத்திருக்கவே வேண்டாம் போல!” என்று சிரித்துக்கொண்டே அது ஓடியது.

மணல்மேட்டு வீட்டுக்கு முன்னால், கரையில், சூசை தோணியிலிருந்து கையை எடுத்து, போன் ஒலித்த சட்டைப்பையைத் தொட்டான்.

கைநினைவு சிரிக்கவில்லை. முன்னால் வந்த பொட்டலம் நின்ற இடத்தில் ஒரு பாட்டு நின்றுகொண்டிருந்தது.