அரைத் தாளம் பிந்திய தாய்மாமன்

பெருமாள்சாமி முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒயிலாட்டத்தில் ஆசை வந்து, ஒரு காலத்தில் தன்னிடம் கபடி பழகிய பொற்கொடியிடமே சிஷ்யனாகப் போய்ச் சேர்ந்தார். அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை டீச்சர் என்பார். விசில் மட்டும் அவர் கழுத்தை விட்டு இறங்கியபாடில்லை.

பேத்திக்குக் காதுகுத்து வந்தது. குலதெய்வம் கோயிலில் ஆடுவதற்காகக் குடும்பத்தில் எட்டுப் பேரைச் சேர்த்து ஓர் எளிய ஆட்டம் பழக்கினார். ஆளுக்கொரு துண்டு, நாலே நாலு அடி. சின்னப் பிள்ளைகூட ஆடிவிடும்.

மூன்றாம் நாள் மாலை பொற்கொடி வீட்டு வாசலில் அவர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்தால், யாரோ அவரையே மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டது போலிருந்தது.

"டீச்சர், எட்டுப் பேரும் ஒண்ணுபோல ஆட என்ன செய்யணும்?"

"என்ன ஆச்சு சார்?"

"ஏழு பேர் சரியா ஆடுறாங்க. மருமகளோட தம்பி சோலைராஜன் மட்டும் அரைத் தாளம் பிந்துறான். விசிலடிச்சு வரிசையை விட்டு வெளிய போகச் சொல்லிட்டேன்."

"பாப்பாவோட தாய்மாமனையா?"

பெருமாள்சாமி கழுத்தில் தொங்கிய விசிலைச் சட்டைக்குள் தள்ளினார்.

"'ஆட்டத்துக்கு ஆகாதவன் மடிக்கு மட்டும் ஆவேனா'ன்னு பைக்கை எடுத்துட்டுப் போயிட்டான். நாளை மறுநாள் காதுகுத்து. பாப்பாவை மடியில வச்சுக்க ஆள் இல்ல. மருமக என்கிட்ட முகம் கொடுத்தே பேசமாட்டேங்குது."

"அவர் எப்படித்தான் ஆடுறார்? ஆடிக் காட்டுங்க."

இளக்காரமாக இரண்டு அடி போட்டுக் காட்டிவிடலாம் என்றுதான் துண்டை எடுத்தார். பொற்கொடி கை தட்டித் தாளம் போட்டாள். முதல் அடி அழகாகப் பிந்தியது. அடுத்தது தாளத்திலேயே போய் விழுந்தது. மூன்றாவது முந்திக்கொண்டது.

"இல்ல, இப்படி..." என்று மறுபடி ஆரம்பித்தார். ஏழெட்டுத் தடவை ஆடியும் பிடிபடவில்லை. சட்டைதான் நனைந்தது.

"அவர் ஒரு தடவையாவது தாளத்துல ஆடினாரா சார்?"

"எங்க? மூணு நாளும் அதே அரைத் தாளம். பிசகாம பிந்துறான்."

"அப்ப அவர்கிட்ட போய்க் கத்துக்கிட்டு வாங்க."

"நானா?"

"விசிலை இங்க வச்சுட்டுப் போங்க."

மறுநாள் காலை சோலைராஜன் தன் வீட்டு வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். பெருமாள்சாமி வந்து நின்றதைப் பார்த்தும் நிமிரவில்லை.

"மாப்ள, நான் செஞ்சது தப்பு. உன் ஆட்டத்தை ஆடிப் பார்த்தேன், எனக்கு வரமாட்டேங்குது. சொல்லிக் குடுப்பா."

"கிண்டலா மாமா?"

பெருமாள்சாமி துண்டை உதறி ஆடிக் காட்டினார். அந்தக் கூத்தைக் கிண்டல் என்று யாராலும் சொல்ல முடியாது. சோலைராஜன் முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பைக் துடைத்த துணியோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"எதுக்கு மாமா இவ்வளவு அவசரம்? தாளம் விழுந்ததும் முதல்ல அதைக் காதால கேளுங்க. கேட்டு முடிச்சுட்டுக் காலை எடுங்க."

மதியச் சாப்பாட்டுக்குள் பெருமாள்சாமிக்கு ஆட்டம் பிடிபட்டது. ஆசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சம்பந்தி வீட்டில் மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காதுகுத்தன்று கோயிலில் தவில் முழங்க, வரிசையின் தலையில் சோலைராஜன் நின்றான். மற்றவர்கள் அவன் காலைப் பார்த்து ஆடினார்கள். மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆடினாள், கோயில் வாசலில் ஒரே குலவை. வரிசையின் வால் பெருமாள்சாமி.

ஆட்டம் பார்க்க வந்திருந்த பொற்கொடியைக் கடக்கும்போது அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"டீச்சர், எல்லாரும் ஒண்ணுபோல ஆடுறோம். ஆனா மொத்த வரிசையும் தவிலுக்கு அரைத் தாளம் பிந்துதே!"

"தவிலோட மடியிலயா சார் பாப்பாவை உட்கார வைக்கப் போறீங்க?"