தளபதி வாங்கிய கால்

முன்னே ஒரு காலம். ஊர் பேரைக் கேட்காதீர்கள். அந்த நாட்டு அரசருக்குக் காலையில் என்ன தோன்றுகிறதோ, அதுதான் அன்றைய சட்டம். ஒருநாள், 'நம் இலவச வைத்தியசாலைக்கு ஏன் இத்தனை செலவு?' என்று தோன்றிவிட்டது.

அப்போது அங்கே மோர்க்காரி அங்காயி கால் முறிந்து கட்டோடு கிடந்தாள். தளபதி வீரகேதனரின் தேர் சந்தைக்குள் தறிகெட்டு ஓடி ஏறிய கால் அது. அரசர் சபையில் தளபதியிடமே அந்தச் செலவைக் கேட்டார்.

"அந்தக் காலுக்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டேன், பிரபு. வைத்தியச் செலவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் தளபதி. விகடகவி சடைவேலனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "மகா புத்திசாலி சடைவேலர் வசூலித்துத் தரட்டுமே!"

அரசர் துள்ளிக் குதித்தார். "சடைவேலா! நோயாளியிடம் சல்லிக்காசு வாங்கக் கூடாது. நாளைக்குள் அந்தக் காலின் செலவு வந்து சேராவிட்டால் வைத்தியசாலைக்குப் பூட்டு!"

செய்தி அங்காயிக்கும் எட்டியது. கால் கூடுவதற்குள் வெளியே தள்ளினால், எந்தக் காலில் நின்று மோர்ப்பானை சுமப்பாள், பாவம்?

மறுநாள் அவளைக் கட்டிலோடு சபைக்குத் தூக்கி வந்தார்கள். பின்னாலேயே சடைவேலன், கையில் ரம்பம்!

"தளபதியாரே, தாங்கள் விலை கொடுத்த கால். எங்கே அறுக்கட்டும்? முழங்காலிலா, தொடையிலா?"

"ஐயையோ! எங் காலு! நான் விக்கலியே சாமி!" அங்காயி அலறிய அலறலில் சபையே வெலவெலத்துப் போனது. அரசர் அரியணையை விட்டே எழுந்துவிட்டார். ரம்பம் காலின் கட்டின்மேல் உட்கார்ந்தது.

"நிறுத்தும்! எனக்கெதற்கு அந்தக் கால்?" என்று பதறினார் தளபதி.

"வேண்டாமா? சரி. விலை கொடுத்த மாட்டை விற்றவர் கொட்டிலிலேயே விட்டுவைத்தால், தீனிச் செலவு வாங்கியவருடையது. இதுதானே நம் சந்தை வழக்கம்? தங்கள் கால் வைத்தியசாலையில் கிடக்கிறது. தைலம், கட்டு, பத்தியக் கஞ்சி எல்லாம் அது தின்ற தீனி. காலை அறுக்கட்டுமா, பணமடியை அவிழ்க்கிறீர்களா?"

வேர்த்து விறுவிறுத்துத் தளபதி மடியை அவிழ்த்தார்.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "இனி எவன் காயப்படுத்தி ஈடு கொடுத்தாலும், வைத்தியச் செலவையும் அவனே கட்ட வேண்டும்!" என்று ஆணையிட்டு, தம் பட்டுச் சால்வையைச் சடைவேலனுக்குப் போர்த்தினார்.

அங்காயி மட்டும் சிரிக்கவில்லை. "அடப்பாவி மனுசா! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா இப்படிக் கத்தியிருப்பியா, தாயே?" என்று சடைவேலன் சால்வையை அவள் காலின்மேல் போர்த்தினான்.