பட்டாணிக் கட்டி

முன்னொரு தை மாதம். மதுரைச் சந்தையில் பச்சைப் பட்டாணி மலிந்து சீப்பட்டுக் கிடந்த சமயம். அங்கயற்கண்ணி ஐந்து கிலோ வாங்கி வந்து உரித்தாள். "இப்ப வாங்கிப் போட்டா ஆடியில காசை அள்ளிக் கொடுக்க வேணாம்" என்பது அவள் எண்ணம்.

"ஐஸ்ல வெச்சதுக்கு என்ன ருசி இருக்கப் போகுது?" என்று ஒரு நொட்டைச் சொல்லை வீசிவிட்டு, அவள் கணவன் வேலாயுதம் பேப்பரை விரித்துக்கொண்டான். உரிக்க ஒரு கை கொடுக்கவில்லை.

முதல் பாதியை அவள் முறையாகத்தான் செய்தாள். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, குளிர்ந்த நீருக்கு மாற்றி, துணியில் உலர்த்தி, ஒன்றோடொன்று படாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைத்தாள். அதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. மறுபாதியைக் கொதிநீரில் முக்கியெடுத்தவள், ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பையில் கொட்டி உள்ளே தள்ளிவிட்டாள்.

தட்டுக்காரப் பட்டாணிகளைப் பார்த்துப் பைக்காரப் பட்டாணிகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஆளுக்கொரு மூலையில் நடுங்குவதைப் பார்! நம்மைப் போல ஒற்றுமை உண்டா?"

பையின் ஓரத்தில் இருந்த பட்டாணியும் சேர்ந்துதான் சிரித்தது. அதற்கு அந்த நெரிசல் பிடித்திருந்தது. உலகத்தில் அதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அப்போது பனி மெல்ல வந்து விசாரித்தது. "என்ன வேண்டும் உங்களுக்கு?"

"எங்களை யாரும் பிரிக்கக் கூடாது."

"அவ்வளவுதானே!" என்றது பனி. அது சொன்ன சொல் தவறாதது. மறுநாள் காலையில் பைக்குள் பட்டாணி இல்லை, பச்சை நிறத்தில் ஒரு பாறாங்கல்தான் இருந்தது. தட்டில் உறைந்தவற்றை அவள் வேறொரு பையில் அள்ளிப் போட்டபோது, அவை கலகலவென்று உதிர்ந்து விழுந்தன.

ஆடி பிறந்தது. பட்டாணி விலை ஆனை விலை குதிரை விலை. உப்புமாவுக்கு ஒரு கை, புலாவுக்கு ஒரு கை என்று உதிரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சமையலில் சேராமல் குப்பையில் சேர்வதுதான் காய்கறிக்குச் சாவு. அந்தப் பயம் அவற்றுக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உதிரிப் பை காலியாயிற்று. அன்று பார்த்து, குருமாவும் சப்பாத்தியும் சாப்பிட நாத்தனார் குடும்பம் வருவதாக இருந்தது.

அங்கயற்கண்ணி மற்றப் பையைக் கிழித்து, உறைந்த கட்டியை எடுத்து மேடையில் தட்டினாள். ணங்கென்றது. கத்தியால் குத்தினாள். கத்தி முனைதான் வளைந்தது.

"மிச்சம் புடிச்ச லட்சணம் இதுதானா?" என்றான் வேலாயுதம். "தூக்கிக் குப்பையில போடு. நான் கடைக்குப் போய் வாங்கியாறேன்."

"ஆறு மாசம் பொத்திப் பொத்தி வெச்சேனே, எல்லாம் மண்ணாப் போச்சே" என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது. கட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, குப்பைக் கூடையைக் காலால் இழுத்தாள்.

அடுப்பில் மசாலா கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் பனிக்கு வியர்த்தது.

"பிடி நழுவுகிறது! இறுக்கிப் பிடியுங்கள்!" என்று கட்டிக்குள்ளிருந்து கூச்சல் எழுந்தது.

ஓரத்துப் பட்டாணி கூடையைப் பார்த்தது. "நான் விட்டுவிடப் போகிறேன்" என்றது.

"நீ போனால் அந்த இடத்தில் ஓட்டை விழும். பிறகு எல்லோரும் உதிர்வோம்!" என்றது அதன் பின்னால் ஒட்டியிருந்த பட்டாணி.

"உதிராவிட்டால் எல்லோரும் குப்பைக்குத்தான்."

"துரோகி!"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஓரத்துப் பட்டாணிக்கு அழுகை வந்தது. இருந்தாலும் பிடியை விட்டது. தட்டில் உருண்டு போய் அங்கயற்கண்ணியின் விரலில் முட்டி நின்றது.

அவள் எடுத்துப் பார்த்தாள். பச்சை மாறவில்லை. ஒரு முனையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைக் குருமாவுக்குள் விட்டாள்.

"என்னங்க! கடைக்குப் போக வேணாம், செருப்பைக் கழட்டுங்க. தேனாட்டம் இருக்கு!"

கட்டி முழுசாகக் குருமாவில் இறங்கியது. அதுவரை கூடவே இருந்த பனி, போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, குதித்து, ஒன்றையொன்று இடித்துச் சிரித்தன.

துரோகி என்று திட்டிய பட்டாணி மிதந்து மேலே வந்தது. எதிரே, முனை கிள்ளிய ஒரு பட்டாணி ஏலக்காய் வாசத்தில் மிதப்பதைக் கண்டு அருகே போனது.

"என்ன பச்சை, என்ன பளபளப்பு! உன்னை நான் பார்த்ததே இல்லையே, நீ யார்?"

"ஆறு மாதமாக உன்னை ஒட்டிக்கொண்டிருந்தவன்."