சாக்கில் சுற்றிய சிதறுகாய்

எல்லைப் பிள்ளையார் கோயில் வாசலில் செருப்புக் காத்துவந்த இருசப்பனாருக்குச் சொத்து என்று இருந்தவை இரண்டு: ஒரு கிழிந்த குடை, ஒரு நேர்ச்சை. விஷக்காய்ச்சலில் பிழைத்தெழுந்த நாள்முதல், காலைதோறும் பிள்ளையார்முன் ஒரு தேங்காயைச் சிதறடிக்காமல் அவர் பல்லில் இட்லி படாது. முப்பத்தோராண்டு தவறியதில்லை. அவர் அடிக்கும் சத்தத்தில் நாலு தெரு நாய்களும் எழுந்துகொள்ளும்.

அந்த ஆண்டு உப்பளத் தெருவும் படகுத் தெருவும் வெட்டிக்கொண்டன. நாட்டு வெடிகுண்டும் வீசிக்கொண்டன. பெரியவர்கள் வீரம் காட்டப் பிள்ளைகள் தூக்கம் தொலைத்தார்கள். அவர்களுக்காகச் சாந்தகுமாரி டீச்சர் கோயில் மண்டபத்தில் கோடை முகாம் தொடங்கினார். பாட்டு, களிமண் பொம்மை, மத்தியானம் தயிர்சாதம் எல்லாம் உண்டு. பிள்ளைகளோ தெருவுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். செருப்பைக்கூடத் தனித்தனியாகத்தான் விட்டார்கள்.

முதல் நாள் இருசப்பனார் வழக்கம்போல் ஓங்கி அடித்தார். டமார்! மறுகணம் மண்டபத்தில் ஒரு தலையைக் காணோம். ரோஷினி என்ற சிறுமி, சாமி ஊர்வலம் போகும் மரப் பெருச்சாளியின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டாள். அவளை வெளியே எடுக்க மத்தியானம் ஆயிற்று.

"ஐயா, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பெத்தவங்க அனுப்ப மாட்டாங்க. முகாமை மூடிட வேண்டியதுதான்" என்றார் டீச்சர்.

நிறுத்தினால் சாமி குற்றம்; அடித்தால் பிள்ளைகள் குலைநடுங்கும். மறுநாள் இருசப்பனார் தேங்காயைக் கோணிச் சாக்கில் சுற்றி மெல்லத் தட்டினார். அது உடையவில்லை. சாக்கிலிருந்து நழுவி உருண்டு, கருவறைக்குள் போய்ப் பிள்ளையார் காலடியில் நின்றது. அடுத்தடுத்த நாளும் இதே கதை.

"இன்னா நைனா, புள்ளையாருக்குக் காது வலியா? ஒத்தடம் குடுக்கிற!" என்று சிரித்தாள் பூக்காரி.

"உடையாத காயை நான் தொட மாட்டேன். உன் நேர்ச்சை போச்சு, போ" என்றார் பூசாரி.

காய் உடையாததால் இருசப்பனார் காலை இட்லியையும் விட்டார். "அப்பனே, கோவம்னா என் மேல காட்டு. புள்ளைங்கள ஒண்ணும் பண்ணிடாத" என்று அழுதார்.

பத்தாம் நாள் ரோஷினி அவர்முன் வந்து நின்றாள்.

"குடு நைனா, நான் ஒடைக்கிறேன்."

"சத்தம் வரும் கண்ணு."

"நானே ஒடச்சா நான் எதுக்கு பயப்படணும்?"

டமார்! பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு சில்லு நடுவில் வந்து விழுந்ததும் இரண்டு மூலையும் பாய்ந்தன. தலையோடு தலை மோதின. "ஏய், அது என்னுதுடா!" பத்து நாளில் இரு தெருப் பிள்ளைகளும் பேசிக்கொண்ட முதல் பேச்சே சண்டைதான், அதுவும் தேங்காய்ச் சில்லுக்கு! பிள்ளையார் காலடியில் கிடந்த எட்டுக் காயையும் கேட்டு வாங்கி முறைவைத்து உடைத்தார்கள். மறுநாள் எல்லாச் செருப்பும் ஒரே குவியலாகக் கிடக்க, எது யாருடையது என்று தெரியாமல் இருசப்பனார் விழித்தார்.

அன்று மத்தியானம் புளியோதரை மயக்கத்தில் கண்ணயர்ந்த பூசாரியின் கனவில் பிள்ளையார் வந்தார்.

"முப்பத்தோரு வருஷமா அவன் அடிச்ச காயெல்லாம் வாசலோட நின்னுபோச்சு. அந்த எட்டுதான்யா எங்கிட்ட வந்துச்சு. எழுந்துபோய் மொதல்ல அவனுக்கு இட்லி வாங்கிக் குடு!"

அடித்துப் பிடித்து எழுந்த பூசாரி, எட்டு இட்லியோடு செருப்புக் குவியலின்முன் கைகட்டி நின்றார்.

இருசப்பனார் காத்த செருப்புகளில் ஒன்றாய்க் கிடக்கவும் நமக்குக் கொடுப்பினை வேண்டும்.